தண்ணீர்ப்பள்ளியில் மூன்று வேளை

குளித்தலைப் பக்கம் ஒரு சொலவடை உண்டு: காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர். மூன்று சிவன் கோயில்களையும் ஒரே நாளில் அந்தந்த வேளைக்குப் போய்க் கும்பிட வேண்டும் என்பார்கள். நான் போனது அதே ஊருக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் ஒரு கத்தோலிக்கத் துறவு மடத்துக்கு. அங்கேயும் வேளைக்கு ஒன்று இருக்கிறது. காலை ஜெபத்தில் நெற்றிக்குச் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி.

சச்சிதானந்த ஆசிரமம் என்பது முழுப்பெயர், சாந்திவனம் என்பது வழக்கில் உள்ள பெயர். சாந்திவனம் என்று கேட்டதும் நடத்துநர் தலையாட்டினார். திருச்சியிலிருந்து கரூர் சாலையில், காவிரியை ஒட்டியே பயணம். வாசலில் சின்னதாக ஒரு கோபுரம். அதில் மூன்று முகம் கொண்ட ஒரே உருவமாக, தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தாத்தா பங்குக் கோயிலில் லத்தீனில் பாடியவர். பொருள் தெரியாது, ஆனால் ஓர் எழுத்து பிசகாது. 1960களில் பூசை தமிழுக்கு மாறியபோது சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் துக்கம் எதற்கு என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. சாந்திவனத்துக்குப் போகவேண்டும் என்று தோன்றியதே அதனால்தான்.

மாலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். பெஞ்சு கிடையாது. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஜால்ரா மெதுவாகத் தொடங்கி, பாட்டோடு சேர்ந்து வேகம் பிடிக்கிறது. பாட்டு நின்றதும் யாரும் அசையவில்லை. அப்புறம் திருப்பாடல்கள், அதாவது பைபிளின் சங்கீதங்கள். அதில்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு அடியின் நடுவிலும் ஒரு மூச்சளவு நிறுத்துகிறார்கள். ஐரோப்பாவின் பெனடிக்ட் சபை மடங்களில் துறவிகள் இரண்டு அணியாக எதிரெதிரே நின்று திருப்பாடல்களை ஓதும்போது இதே இடத்தில், இதே அளவுதான் நிறுத்துவார்கள். மெட்டு போய்விட்டது, மொழி போய்விட்டது, அந்த மூச்சு மட்டும் கடல் தாண்டி வந்து இங்கே தங்கிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதைக் கொண்டுவந்தவர் யாராக இருக்கும் என்று யோசித்தால் பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோதான் நினைவுக்கு வருகிறார். 1929-இல் பிரான்சின் பிரிட்டனியில் உள்ள கெர்கோனான் மடத்தில் சேர்ந்தவர். லத்தீன் வழிபாட்டின் பழைய பாட்டு முறையான கிரகோரியன் இசையை 19-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்த சொலெம் மடத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அந்த இசையிலேயே ஊறியவர் 1948-இல் இங்கே வந்து, குளித்தலையில் பங்குத்தந்தையாக இருந்த ஜூல் மொன்சானேனோடு சேர்ந்து 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்ட் திருநாளில், இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். காவி கட்டி, அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்போது ரோமாபுரியின் வழிபாட்டு முறையைப் பின்பற்றிய கோயில்களில், அநேகமாக உலகம் முழுக்க, பூசை லத்தீனில்தான். வழிபாட்டுச் சீர்திருத்தம் பற்றி, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடு வந்ததே 1963-இல். அதற்குப் பிறகும் 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், லத்தீன் ஓதலைக் கைவிட வேண்டாம் என்று துறவு மடங்களைக் கேட்டுக்கொண்டு தனியாகக் கடிதம் எழுதினார். தாத்தாவின் துக்கம் ரோமாபுரியிலும் இருந்திருக்கிறது!

இந்தியாவில் ஆரத்தி, தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல் போன்ற பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969-இல் அனுமதி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அபிஷிக்தானந்தர் வடக்கே உத்தரகாசிக்குப் போய்விட, இங்கிலாந்துத் துறவி பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்றார். இன்று சாந்திவனத்தில் பார்க்கும் வழிபாட்டு முறை பெரும்பாலும் அவர் காலத்தில் உருவானது.

மாலை ஜெபம் முடியும்போது விபூதி கொடுத்தார்கள். கை ஒரு கணம் தயங்கியது. 1704-இல் புதுச்சேரியில் இருந்துகொண்டு திருத்தந்தையின் தூதர் தூர்னோன் விதித்த தடைகளில் கிறிஸ்தவர்கள் சாம்பல் பூசக்கூடாது என்பதும் ஒன்று. அதே சாம்பலை இன்று ஒரு கத்தோலிக்கக் குருவின் கையிலிருந்து வாங்கி இட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலைத் திருப்பலி. காவித் துண்டு போர்த்திய குரு தரையில் அமர்ந்தே பூசை செய்தார். காணிக்கை நேரத்தில் பீடத்தைச் சுற்றியும் எங்கள் மேலும் தண்ணீர் தெளித்து, தானும் ஒரு வாய் பருகினார். பிறகு அப்பமும் இரசமும் இருந்த தட்டில் எட்டுத் திசைக்கு எட்டுப் பூக்களை ஒவ்வொன்றாக வைத்தார். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சமஸ்கிருத நாமம். சாம்பிராணி, கடைசியில் கற்பூர ஆரத்தி. நீர், நிலம், காற்று, நெருப்பு நான்கும் வந்துவிட்டன. மனசு நிறைந்துதான் இருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தமிழ் பஜனைகள் பாடுகிறார்கள், மாணிக்கவாசகரையும் வாசிக்கும் மரபு இங்கே உண்டு. இருந்தும் வழிபாட்டின் உச்சமான இடங்களில் எல்லாம் சமஸ்கிருதமே கேட்கிறது. இந்திய மரபு என்று தேடிப் போனவர்கள் வேதத்தையும் உபநிடதத்தையும் கண்டார்கள். சுற்றியிருக்கிற சேரிகளின் பறை அவர்கள் காதில் விழவில்லையா? தலித் இறையியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. தமிழகத்துப் பங்குக் கோயில்கள் சிலவற்றில் பறை பவனியில் முன்னால் போகிறது. நான் இருந்த நேரத்தில் இங்கே அதைக் கேட்கவில்லை.

காலைக் காப்பி முடிந்ததும் விருந்தினர்களும் உட்கார்ந்து காய் நறுக்குவது இங்கே வழக்கம். எனக்குக் கொத்தவரங்காய். பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தன்னையறியாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டும்மா?"

"பெரிய வெள்ளிக்குப் பாடறது தம்பி. மாதா மகனை மடியில போட்டு அழுவாங்கல்ல, அது. எங்க ஊர்ல பொம்பளைங்க ஒப்பாரி மாதிரியே பாடுவோம்."

"இங்க ஜெபத்துல பாடுவீங்களா?"

"இங்கயா..." என்று சிரித்தார். "இங்க வேற பாட்டுல்ல."

கொஞ்சம் சத்தமாகப் பாடச் சொன்னேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கத்தியை மறுபடி எடுத்து, நறுக்கிக்கொண்டே பாடினார். ஒவ்வொரு அடியின் பாதியிலும் நிறுத்தி மூச்சு வாங்கினார். காய் தீர்ந்த பிறகும் அந்தப் பாட்டு தீரவில்லை. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவும் இல்லை.