அத்தையின் டேங்க் ரோடு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

சிங்கப்பூரின் ரிவர் வேலிக்குக் குடிவந்து பத்து நாள். வாடகையை என் கணவருடைய அலுவலகம் கொடுக்கிறது. இல்லாவிட்டால் இந்தப் பேட்டை நமக்கு எட்டாது. அத்தை மதுரையிலிருந்து எங்களோடு வந்தபோது கேட்டது ஒன்றுதான்: "கோயிலுக்கு நடந்து போயிரலாமா?"

போகலாம். நகரத்தார் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் இருக்கிறது. எனக்கு எட்டு நிமிடம், அத்தைக்குப் பதினைந்து.

ஊரில் அவர் தனியாக வாசலைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. முழங்கால் வலி பாதிக் காரணம். மீதி, தெரு. நடைபாதை இருந்தால் அதில் வண்டி நிற்கும், இல்லையென்றால் சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். இங்கே ரோட்டைக் கடக்கும் இடத்தில் நடைபாதை படியில்லாமல் சரிந்து இறங்குகிறது. தரையில் பொட்டுப் பொட்டாகப் புடைத்த ஓடுகள், கண் தெரியாதவர்களுக்காகப் பதித்தவை. அத்தை கைத்தடியால் அந்தச் சரிவை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார்.

ஜனவரி 11, சனி

நேற்றிலிருந்து விடாத மழை. பால் வாங்கக் கிளம்பி முழுக்க நனைந்தேன். யீஷூன் பேட்டையில் இருக்கும் என் தோழி, ரயில் நிலையத்திலிருந்து அவளுடைய அரசு அடுக்குமாடி புளோக் வரைக்கும் கூரைக்கடியிலேயே வந்துவிடுகிறாள். இங்கே விலை உயர்ந்த தனியார் அடுக்குமாடிகளான காண்டோக்களின் மதிலோரம் நடப்பவருக்கு அந்தக் கூரை இல்லை. காரில் போகிறவர்களுக்கு வாசல்வரை உண்டு. எனக்கு இது சரியாகப் படவில்லை. மொஹமது சுல்தான் சாலையின் பழைய கடைவீடுகள் பக்கம் போனால் ஐந்தடிப்பாதை காப்பாற்றுகிறது. கடைக்கு முன்னால் கூரை போட்ட நடை விட வேண்டும் என்று, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இலேயே சொல்லிவைத்தது. அந்த இடத்தில் மட்டும் தலை காய்ந்தது.

ஜனவரி 20, திங்கள்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

சாயங்காலம் அத்தையோடு முனை சிக்னலில் நின்றேன். பச்சை மனிதன் எரிந்தால் அத்தைக்கு எப்போதும் பதற்றம், பாதி ரோட்டில் எண்கள் குறைய ஆரம்பித்துவிடும். பக்கத்தில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி. அவர் பையிலிருந்து மூத்தோர் அட்டையை எடுத்துக் கம்பத்துப் பெட்டியில் தட்டினார். தட்டினால் பச்சை கூடுதலாக எரியும், இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை. 2009இல் வந்த ஏற்பாடாம். அத்தையிடம் அந்த அட்டை கிடையாது, பாட்டி நடையில் தடுமாற்றமும் கிடையாது. அத்தைக்காகத்தான் தட்டினார் என்று நினைக்கிறேன். அப்புறம் அத்தையின் முழங்கையை லேசாகத் தொட்டு, "மெதுவா" என்பதுபோல் உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அந்தப் பக்கம் சேர்ந்தபோதும் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆற்றோரம் ராபர்ட்சன் கீயில் அல்காஃப் பாலம்வரை மூவரும் நடந்தோம். பழைய சரக்குப் படகின் வடிவில் கட்டிய பாலம். அதில் 55 வண்ணம் தீட்டியவர் பிலிப்பீன்ஸ் ஓவியர் பசிட்டா அபாட். புற்றுநோயோடு 2004இல் அதை முடித்து, அதே ஆண்டு இறந்துபோனார். அத்தையிடம் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப் பூசம். எழுந்து பார்த்தால் அத்தையின் கட்டில் காலி, செருப்பும் இல்லை. வயிற்றைக் கலக்கியது. லிஃப்டுக்கு ஓடினால் கதவு திறந்து அத்தை வெளியே வருகிறார், நெற்றி நிறைய விபூதி. வெள்ளி ரதம் கியோங் சைக் சாலைப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்தாராம். தனியாக.

நாளை தைப்பூசம். இங்கே பொது விடுமுறை இல்லை, லீவு சொல்லிவிட்டேன். இன்று நள்ளிரவுக்கு முன்பே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நம் டேங்க் ரோடு கோயிலுக்குக் காவடிகள் கிளம்பிவிடும், 3 கிலோமீட்டருக்கு மேல் நடை.

"காலைல வர்றதுன்னா சட்டுன்னு கிளம்பும்மா," என்கிறார் அத்தை. "ஒனக்காக நான் நிக்க மாட்டேன்."