கல்ச்சரில் வளராத கிருமி

ஒன்பது மாதங்களில் ஆறு முறை எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் மட்டும் கிருமி எதுவும் வளரவில்லை என்றே எழுதி வந்தது. நான் காட்டிவந்த தனியார் மருத்துவமனையில் அந்த முரணை யாரும் பொருட்படுத்தாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றி மாற்றி எழுதினார்கள். லீவோஃபிளாக்சசின் சாப்பிட்டபோது சற்றுத் தணிந்து, நிறுத்திய சில வாரங்களில் திரும்ப வந்தது.

அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் இருந்த மருத்துவர் ஆறு அறிக்கைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா அம்மா?" என்று கேட்டார். என் மாமியாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நுரையீரல் காசநோய் வந்து குணமாகியிருந்தது. நீர்க்கடுப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காசநோய் சிறுநீர்ப் பாதையையும் தாக்கக்கூடும் என்றும், நீர்க்கடுப்பை வழக்கமாக உண்டாக்கும் ஈ.கோலை கிருமி சாதகமான சூழலில் ஏறக்குறைய 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகிவிடுவதால் ஓரிரு நாளில் கல்ச்சரில் தெரிந்துவிடும் என்றும், காசநோய்க் கிருமி இரட்டிக்கவே 15 முதல் 20 மணி நேரம் பிடிப்பதோடு சாதாரண கல்ச்சரில் கிருமியை வளர்க்கப் பயன்படுத்தும் ஊடகத்தில் வளராது என்றும் அவர் விளக்கினார். லீவோஃபிளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் என்பதால் நோய் இன்னும் மறைந்துகொண்டதாம்.

கிருமி எல்லா நாளும் சிறுநீரில் வெளியேறாது என்பதால், தொடர்ந்து மூன்று நாட்கள் விடியற்காலை முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் நாள் பாட்டிலில் கால் பங்கே இருந்ததைக் கண்ட ஆய்வகப் பெண், "இது போதாதுக்கா, நாளைக்கு முழுசாப் பிடிச்சிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தக் கண்டிப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன், ஏனெனில் மறுநாளிலிருந்து முழுமையாகக் கொடுத்த மூன்றில் கடைசி மாதிரியில்தான் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை காசநோயைக் காட்டியது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதிலேயே தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் இடப்பக்கச் சிறுநீர்க்குழாய் சுருங்கியிருந்ததால், அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தார்கள்.

என் எடை 52 கிலோ; அதற்கேற்ப நாளுக்கு நான்கு மாத்திரைகள், இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் சேர்ந்தவை, இலவசமாகவே கிடைத்தன. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைக் கண்டு இரத்தமோ என்று நடுங்கிவிட்டேன். ரிஃபாம்பிசினால் அப்படித்தான் போகும் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். கடுப்பு மூன்றாவது வாரத்தில் குறையத் தொடங்கியது.

புண் ஆறும்போது ஏற்படும் தழும்பாலும் சிறுநீர்க்குழாய் மேலும் சுருங்கக்கூடும் என்பதால், மாத்திரை முடிந்து ஸ்டென்ட்டை எடுத்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குச் சென்று வருகிறேன். சென்ற முறை இடது சிறுநீரகத்தில் வீக்கம் இல்லை.