கோல் சொன்னது 0.62

நவம்பர் 4, செவ்வாய், தாப்பா, பேராக், மலேசியா

பசியாறிவிட்டு, தே தாரேவைக் கட்டி வாங்கிக்கொண்டு ஆற்று நீரோட்டத்தை அளக்கத் தோட்டத்துப் பின்பக்கம் போனேன். மூன்று நாளாக மழையில்லை, ஆற்றின் அடியில் கல் தெரிகிறது. அளவுகோலில் நீர்மட்டம் 0.62 மீட்டர். நாடாவைக் கரைக்குக் கரை கட்டி, 9 மீட்டர் அகலத்துக்கும் அரை மீட்டருக்கு ஓரிடமாக நின்று, மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் நீரின் வேகத்தை அளக்கும் சுழலியை இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் 50 வினாடி எண்ணி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. ஓட்டம் வினாடிக்கு 1.9 கன மீட்டர். இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று காட்டும் பழைய மட்டம்–ஓட்டம் வளைவும் அதையேதான் சொல்கிறது. சரி, நல்ல நாள்.

சின்ன ஆறு என்பதால் பிழைத்தேன். கீழே பத்தாங் பாடாங் ஆற்றில் மழையை மட்டும் பார்த்தால் கணக்கு வராது. 1963இல் ரிங்லெட்டில் அணை கட்டி, பகாங் பக்கம் போகவேண்டிய பெர்தாம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கத்தில் ஜோர் மின்நிலையத்துக்கு, இந்தப் பேராக் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

நவம்பர் 8, சனி

டவுனில் ஒரு சொட்டு மழை இல்லை, மலை மட்டும் கறுத்திருந்தது. பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சருகு வந்தது, அப்புறம் மூங்கில் குச்சி, அப்புறம் தண்ணீரே தேத்தண்ணி நிறமாகிவிட்டது. நான் கோலில் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க, பால் மரம் வெட்டிய காலத்திலிருந்து இந்த ஆற்றைப் பார்க்கிற பெரியப்பாதான், "டேய், கெப்பாலா ஆயர் வருதுடா, ஏறுங்கடா!" என்று கத்தினார். மலையில் பெய்த மழை திடீரென்று சுவர்போல இறங்குவதைத்தான் கெப்பாலா ஆயர் என்பார்கள். எல்லாரும் ஏறிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் 0.65 போய் 1.70.

நம் கருவி 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதிவு செய்யும். அதனால் கோப்பில் ஒரு வரி 0.65, அடுத்த வரி 1.70, நடுவில் ஒன்றுமே இல்லை. பார்க்கிறவர்கள் கருவிக் கோளாறு என்று அழித்துவிடுவார்கள், 'நான் நேரில் பார்த்தேன்' என்று குறிப்பு எழுதி வைத்தேன்.

இறங்கி அளக்கிற பேச்சே இல்லை. மிதந்து போன கிளை 20 மீட்டரை 8 வினாடியில் கடந்தது, மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர், அதை 0.85ஆல் பெருக்கினால் சராசரி ஏறக்குறைய 2.1. வளைவின் மேல் முனைக்கு என்னிடம் இருப்பதெல்லாம் இப்படிக் கரையில் நின்று பிடித்த இரண்டு மூன்று புள்ளிகள்தான், மீதி நீட்டிப் போட்ட கோடு.

நவம்பர் 9, ஞாயிறு

தூக்கம்.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடியும் 0.62. அலுவலகத்திலிருந்து போன்: "லெவல் பழையபடி இருக்கே, அளக்கணுமா?" அளந்தேன். ஓட்டம் 2.5 கன மீட்டர்!

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், தப்பில்லை. கோலுக்குக் கீழே தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த சரளை மேட்டைச் சனிக்கிழமை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதே உயரத்தில் இப்போது கூடுதல் தண்ணீர் ஓடுகிறது. அரசின் வெள்ளத் தகவல் தளமான இன்ஃபோ பஞ்சிரில் வருகிற வஸ்பாடா (உஷார்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) எல்லாம் மட்டத்தை வைத்துத்தான், வெள்ளத்துக்கு அது போதும். எனக்கோ வளைவை முதலிலிருந்து போடவேண்டும்.

வியாழக்கிழமை லேசாக மழை பெய்தால் 0.80க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். அதற்குள் இடது கால் பூட்ஸ் ஓட்டையை ஒட்டணும்.