மண்ணுன்னு ஆயாவுக்குத் தெரியாதா

போன சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. இது மாங்காய் சீசன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு மூன்று மாதம் தூக்கம் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான், பெங்களூரா மாங்காயின் பால் வாசம் எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பழைய அம்மன் படம் ஒன்று பாதிக்கு மேல் ஓடியிருந்தது. படம் முடிந்துதான் கை கழுவ எழுந்தேன், விரலில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான், கல்லூரியில் இரண்டாம் வருடம். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, பாம்ப நூல் கட்டி இழுக்கறாங்க, நூலே தெரியுது. இதப் போய் இவ்ளோ ஆசையா பாக்கறீங்களே?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. நாலு நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நூல் எனக்கும் தெரிந்தது. நூல் மட்டுமா? ராத்திரி என்று காட்டிய சுடுகாட்டில் ஆட்களின் நிழல் தரையில் கருகருவென்று விழுந்திருந்தது, பட்டப்பகலில் எடுத்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்து நீலமாக்கியிருக்கிறார்கள். மந்திரவாதி மாயமாக மறைகிற இடத்தில் பின்னால் இருந்த வாழை இலை ஒரு துள்ளு துள்ளியது, ஏனென்றால் கேமராவை நிறுத்தி, ஆளை வெளியே போகச் சொல்லி, மறுபடி ஓட்டியிருக்கிறார்கள், அந்த இடைவெளியில் காற்று அடித்து இலை நகர்ந்திருக்கிறது. மாடியிலிருந்து குதித்தவரின் விக் கதாநாயகனின் முடியைவிட ரெண்டு விரல்கடை நீளம். கதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தனையும் தெரிந்துதான் பார்த்தேன். கடைசியில் அம்மன் வந்து நின்றபோது உடம்பு சிலிர்த்தது, அதுவும் நிஜம்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில். நான் சின்னப் பையனாக இருந்தபோது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம், 2004-இல்தானே பிரித்தார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடிய கூத்து. ஆயாதான் என்னைக் கூட்டிப்போவாள், அம்மாவைப் பெற்றவள். ஒரு சாக்கு, ஒரு போர்வை, தூக்குப்போசியில் ஏதாவது தின்ன. பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவர் பகலெல்லாம் டீக்கடை பெஞ்சில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஊரே பார்க்கும். துகிலுரிதல் அன்றைக்கு ராத்திரி அதே ஆள் சேலையோடு சபை நடுவில் நின்று, "கோவிந்தா" என்று இரண்டு கையையும் தூக்கும்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் விக்கி விக்கி அழுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். வேஷம் உள்ளே வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடிக்கொண்டிருக்கும், கீழே சலங்கைக் கால் தெரியும். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் ஊர் விஷயத்தைப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த மூச்சில் அஸ்தினாபுரத்துக்குப் போய்விடுவான். இதையெல்லாம் யாரும் குறை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

கடைசி நாள் படுகளம். கோயிலுக்கு முன்னால் திடலில் துரியோதனனை மண்ணில் செய்து படுக்க வைத்திருப்பார்கள், ஒரு கோடியில் நின்று பார்த்தால் கால்தான் தெரியும், முகத்தைப் பார்க்க அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். பீமன் வேஷக்காரர் தொடையில் ஓங்கி அடிப்பார், உள்ளே வைத்திருக்கும் சிவப்புத் தண்ணீர் தெறிக்கும், பாஞ்சாலி அதைத் தொட்டுத் தலையில் தடவிக் கூந்தலை முடிவாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். பயத்தை அடக்கிக்கொள்ள, "ஆயா, இது வெறும் மண்ணுதான?" என்று கேட்டேன். ஆயா அழுதுகொண்டிருந்தாள். முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? நேத்து சாயந்தரம் கொழைக்கறப்ப நானும்தான நாலு கொடம் தண்ணி ஊத்தனேன்."

சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். அப்புறம் கூட்டத்தோடு கூட்டமாக இடித்துக்கொண்டு போய் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள், வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகுக் குதிரில் போட்டாள்.

அக்கா பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்த நாலு குடம் தண்ணீர்தான். தெரிந்தால் ரசிக்க முடியாது என்று அவன் நினைக்கிறான். ஆயாவுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த பொம்மையைப் பற்றி யாருக்குத் தெரியும்? அவளைவிட யார் அழுதார்கள்?

அதே ஆயாவோடுதான் டூரிங் டாக்கீஸுக்கும் போனேன். தரை டிக்கெட், மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது, பின்னால் இருப்பவர் திட்டுவார். என் மாமா அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டர். ஒரே ஒரு புரொஜெக்டர், அதனால் ரீல் மாற்ற ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. எங்கள் பக்கம் சினிமா வியாபாரத்தில் இன்றைக்கும் சேலம் ஏரியாதான். 1935-இல் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த அந்தச் சேலம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான், ஆனாலும் படப்பெட்டி டவுன் தியேட்டர்களை எல்லாம் சுற்றி முடித்துக் கடைசியாகத்தான் எங்கள் கொட்டகைக்கு வரும். வரும்போது பிலிமில் கீறல் இல்லாத இடம் இருக்காது. திரையில் மேலிருந்து கீழே கோடு கோடாக ஓடும், "படத்துல மழை பேயுது" என்போம்.

மாமா ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு அடி பிலிமில் 16 கட்டம், ஒரு நொடிக்கு ஓடுவது 24 கட்டம், ஆயிரம் அடி ரீல் என்றால் பதினோரு நிமிடம். பிலிம் அறுந்தால் கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார்கள். ஒரு அடி போனால் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் படம் காணாமல் போகும், அதாவது ஒரு வார்த்தை போகும். பத்து தியேட்டரில் பத்து தடவை அறுந்து ஒட்டிய படத்தில் வார்த்தை போய், வசனம் போய், சில சமயம் ஒரு சீனே போயிருக்கும். அண்ணன் வாசலில் கோபமாகக் கத்திக்கொண்டிருப்பார், ஒரு துள்ளல், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

கதையில் ஓட்டை என்றால் அது டைரக்டர் விட்ட ஓட்டையா, கொட்டகைக்காரர் வெட்டிய ஓட்டையா என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஓட்டையைக் குறை சொல்லும் பழக்கமே எங்களுக்கு வரவில்லை, அடைக்கும் பழக்கம் வந்தது. "அவன் மச்சான்காரன்தான் ஆள வெச்சு அடிச்சிருப்பான், பொறுத்துப் பாரு" என்று ஆயா சொல்வாள். பின்னால் இருந்து இன்னொரு அம்மா, "இல்லக்கா, லாரி மோதியிருக்கும்" என்பார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த விட்டுப்போன சீன் நாலு விதமாக ஓடும். வருடங்கள் கழித்து அதே படத்தைக் கீறல் இல்லாமல் முழுதாக டிவியில் பார்த்தேன். அந்த இடத்தில் அப்படி ஒரு சீனே எடுத்திருக்கவில்லை, ஓட்டை டைரக்டருடையதுதான். ஆயா சொன்ன சீன்தான் இன்றைக்கும் என் மனசில் அந்தப் படத்தில் இருக்கிறது.

விட்டலாச்சார்யா படங்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உடுப்பிப் பக்கம் 1920-இல் பிறந்த கன்னடக்காரர், தெலுங்கில் மாயாஜாலப் படங்கள் எடுத்தார், அவை தமிழில் டப்பிங் ஆகி எங்கள் கொட்டகைக்கு வந்தன. இந்த மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் எங்கள் பக்கம். உதடு தெலுங்கில் அசையும், சத்தம் தமிழில் வரும், எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு இரண்டுமே புரியும், உதட்டைப் பார்த்து ஒன்றும் காதால் ஒன்றுமாக இரண்டு வசனத்தையும் ரசிப்பார்கள். 1978-இல் வந்த 'ஜகன்மோகினி'யில் விறகுக்குப் பதிலாக மோகினிப்பிசாசு தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும். படம் முழுதும் மறந்தவர்களுக்கும் அந்தக் கால் மறக்காது. அவர் சிக்கனத்தைப் பற்றிச் சினிமாக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு, சம்பளத் தகராறில் நடிகர் வராமல் போனால் அந்தப் பாத்திரத்தைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு மீதிப் படத்தை முடித்துவிடுவாராம். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மரியாதைதான் வருகிறது. கையில் இருக்கும் பணத்துக்குள், ஆள் இல்லாமல், கருவி இல்லாமல், எப்படியாவது பிசாசைப் பறக்க வைத்தாக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இராம நாராயணனும் அப்படித்தான். பல மொழிகளில் நூறு படத்துக்கு மேல் இயக்கியவர், அம்மனும் பாம்பும் குரங்கும் யானையும் அவர் படத்தில் நட்சத்திரங்கள். வேலை முடித்து வந்து மணலில் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதைக் கொடுத்தார்.

நல்ல படத்தில் வேலை செய்தவர்களின் கை நம் கண்ணில் படாது, அது அதன் பெருமை. இந்தப் படங்களில் கை தெரிகிறது. அந்த நூலின் மறுமுனையில் ஒரு ஆள் குப்புறப் படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாம்பு நெளிகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி சுடுகாட்டுக்காக ஐம்பது பேர் வெயிலில் நின்றார்கள். அதை நினைக்கும்போது எனக்குப் படம் இன்னும் பிடித்துப்போகிறது.

ஆனால் ஒன்று. மோசமான படம் எல்லாவற்றையும் இப்படி ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் துரத்தித் துரத்தி, கடைசியில் அவளே காதலிப்பதாகக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது, நூல் தெரிகிறதா இல்லையா என்பது அங்கே விஷயமே இல்லை. ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சிரிக்கச் சொல்லும் படமும் அப்படித்தான். கோடி கோடியாகப் பணம் இருந்தும், 'இவங்களுக்கு இது போதும்' என்று நினைத்து எடுத்த படம் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், உடனே டிவியை அணைத்துவிடுவேன். நண்பர்கள் கூடிப் பாட்டில் திறந்துகொண்டு, பழைய படத்தைப் போட்டு அதில் நடித்தவர்களைக் கேலி செய்து சிரிப்பார்கள், அதிலும் என்னால் சேர முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், ஒருமுறை போனேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தெரியாமல் செய்த தப்புக்கும் நம்மை மதிக்காமல் செய்த தப்புக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு காவேரிப்பட்டணம் போனேன், மாமா வீட்டுக்கு. டூரிங் டாக்கீஸ் மூடிய பிறகு அவர் டவுன் தியேட்டர் ஒன்றில் பல வருடம் ஆபரேட்டராக இருந்தார், அங்கே இரண்டு புரொஜெக்டர், கார்பன் குச்சி எரியும் வெளிச்சம். எரிய எரிய இரண்டு குச்சிக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும், கவனிக்காமல் விட்டால் திரை மங்கிவிடும், கீழே விசில் பறக்கும். இப்போது கண்புரை ஆபரேஷன் செய்திருக்கிறார். நாங்கள் போனபோதும் டிவியில் பழைய படம்தான், கடத்தல்காரன், மலை உச்சி, பெட்டி நிறைய வைரம். காருக்குப் பின்னால் திரையில் ரோடு ஓடுகிறது, கதாநாயகன் நேர் ரோட்டில் ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கிறார். பையன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டு முடிகிற இடத்தில் படத்தின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் வந்து போனது. மாமாவின் வலது கை நாற்காலிக் கையிலிருந்து தானாக எழுந்து அந்தரத்தில் நின்றது. ஏழெட்டு நொடி. இரண்டாவது வட்டம் வந்தது, கை இறங்கியது.

"என்ன தாத்தா அது?" என்றான் பையன்.

"ரீலு முடியப்போவுதுன்னு அடையாளம். மொத வட்டத்துக்கு அடுத்த மிஷின் மோட்டாரப் போடணும், ரெண்டாவதுக்கு மாத்தணும். மாத்தலன்னா தெரை வெள்ளையாப் போயிரும்."

"மறுபடி எப்ப வரும்?"

"ஆயிரம் அடி ரீலுன்னா பதினோரு நிமிஷம்."

பையன் செல்போனைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டான். கடத்தல்காரன் பெட்டியைத் திறந்தான், வைரம் எல்லாம் ஒரே அளவில் கண்ணாடித் துண்டு. மூன்று பேரும் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.