எங்கட சந்தியில் வைன் ஸ்டோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அனுபவம்

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் நாலு கடை. என்னுடையது பலசரக்கு. பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற கடை, எதிரே தேத்தண்ணிக் கடை, வாய்க்கால் மதகைத் தாண்டினால் முன்பு நெல்லுக் களஞ்சியமாக இருந்த ஒரு கட்டடம். 2024 மாசியில், காலபோக வெட்டு முடிந்த கையோடு, அந்தக் கட்டடத்துக்கு இரும்புக் கிறாதி அடிக்க ஆட்கள் வந்தார்கள். முன்பக்கம் முழுக்கக் கிறாதி, நடுவில் ஒரு போத்தல் நுழைகிற அளவுக்குச் சதுரமாய் ஒரு இடைவெளி. வெல்டிங் செய்கிற பெடியன் சோடா வாங்க வந்தபோது கேட்டேன்.

"என்ன தம்பி, அடைவு கடையோ?"

"இல்லை அக்கா, வைன் ஸ்டோர். வருசத்துக்கு முதல் திறக்கவேணுமாம்."

அன்று பின்னேரமே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். அதன் பிறகு பதினெட்டு மாதம் அலைந்தோம். இப்போது வேறு ஊர்களிலிருந்தும் பெண்கள் கேட்டு வருகிறார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாங்கள் பிழை விட்ட இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏன் வேண்டாம் என்றோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் முந்தியும் குடிக்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் பக்கத்துச் சாராயக்கடை ஒன்பது கிலோமீற்றர் தள்ளி. போக எண்ணெய் வேண்டும், சைக்கிள் வேண்டும், நேரம் வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவன் சனிக்கிழமை போவான், மற்ற நாளில் வீட்டுக்குத்தான் வருவான். சந்தியிலேயே கடை வந்தால் ஒவ்வொரு நாளும் கூலியோடு அந்தக் கிறாதிக்கு முன்னால்தான் இறங்குவான். என் கடன் கொப்பியில் 63 குடும்பம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நுண்கடன்காரர் வருவதற்கு முதல் நாள் எந்த வீட்டுப் பிள்ளை பால்மா கால் பைக்கற் கேட்டு வரும் என்பது எனக்குப் பாடம். 2010 இல் மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குள் தொடங்கிய சீவியம் இது. அரைவாசி வீடுகளில் பெண்தான் தலை.

முதல் பிழை, எல்லோருமாகப் பிரதேச சபைக்குப் போனது. ஊரில் எந்தக் கடை என்றாலும் சபைதான் அனுமதி கொடுக்கிறது என்ற நினைப்பு. அப்போது சபையில் உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தலும் நடக்காமல், செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். அவர் எங்களை இருத்தி வைத்து விளக்கமாகச் சொன்னார்: "அம்மா, சாராயத்துக்கு லைசன் கொடுக்கிறது நாங்கள் இல்லை, மதுவரித் திணைக்களம். கட்டடம் கட்ட, திருத்த எங்களிட்ட அனுமதி வேணும். அவ்வளவுதான் எங்கட கையில." பழைய கட்டடத்தைத் திருத்த எடுத்த அனுமதியில் 'கடை' என்று மட்டும்தான் இருந்தது. என்ன கடை என்று இல்லை.

ஆனால் நாங்கள் மூன்று கிழமையாய்ச் சேர்த்த 340 கையெழுத்தும் 'கௌரவ தவிசாளர் அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. தவிசாளரே இல்லாத காலத்தில். அவ்வளவும் வீண்.

அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு உத்தியோகத்தர், இளம் பிள்ளை, ஒவ்வொரு தாளாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இதில அடையாள அட்டை இலக்கம் இல்லை, விலாசம் இல்லை. ஆர் என்று தெரியாத கையெழுத்தை நாங்கள் என்னெண்டு கணக்கெடுக்கிறது?" என்றாள். அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. எங்கள் பேரப்பிள்ளைகளே பத்துப் பேருக்கு மேல் அதில் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

திரும்பவும் வீடு வீடாகப் போனோம். இந்த முறை கோடு போட்ட தாளில் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், கிராம அலுவலர் பிரிவு, கையெழுத்து. 340 என்றது 212 ஆகக் குறைந்தது. அடையாள அட்டை இலக்கம் என்றதும் பலர் பின்வாங்கினார்கள். கடைக்காரர் சொந்தக்காரர் என்று சிலர். மனுசன் பேசுவார் என்று சில பெண்கள். ஒரு தங்கச்சி வேலிக்குள் நின்றபடியே, "அக்கா, நான் வைக்கேல்லை. ஆனா நீங்கள் விடாதேங்கோ" என்றாள். அவள் பெயர் அந்தத் தாளில் இல்லை. அவளையும் சேர்த்துத்தான் நான் எண்ணினேன்.

ஒரு வீட்டில் எனக்குக் கிடைத்த கேள்வியை மறக்கமுடியாது. சீவல் தொழில் செய்கிற ஐயா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, இண்டைக்குச் சாராயக்கடை எண்டுவியள், நாளைக்குத் தவறணையையும் மூடச் சொல்லுவியளோ?" தவறணை என்றால் கள்ளு விற்கிற கடை. நியாயமான பயம். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள்ளு ஊற்றிச் சீவிக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவர்களைப் போய்ச் சந்தித்து, எங்கள் எதிர்ப்பு இந்த இடத்தில் வருகிற இந்தக் கடைக்கு மட்டும்தான் என்று எழுத்தில் கொடுத்தோம். சாராயம் சந்திக்கு வந்தால் தவறணை வியாபாரம் விழும் என்று அவர்களுக்கும் தெரியும். அடுத்த கிழமை அவர்கள் தனியாக ஒரு கடிதம் தந்தார்கள். எங்கள் கோவையில் இருந்த கடிதங்களில் கனமானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பத்துக்குக் காசு இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. பாடசாலை ஆசிரியர் ஒருவர் எழுதித் தந்தார். அவர் சொன்ன புத்தி, 'இந்தக் கடையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்கக்கூடாது என்பது. நாங்கள் நாலே நாலு கேட்டோம். விண்ணப்பம் எந்தத் திகதியில் வந்தது, எந்த வகை அனுமதிப்பத்திரம், யார் யாரிடம் அறிக்கை கேட்கப்பட்டது, விண்ணப்பத்தோடு கொடுத்த வரைபடத்தின் பிரதி. தருகிறதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லவில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு பதிவுத் தபாலில் போட்டோம். அதன் பிறகுதான் ஒரு தடித்த கடித உறை வந்தது.

அதில் இரண்டு விசயம் தெரிந்தது. இது புது அனுமதிப்பத்திரம் இல்லை. வேறொரு இடத்தில் ஏற்கனவே இருக்கிற எஃப்.எல். 4 வகையை, அதாவது போத்தலாக வாங்கிக்கொண்டு போகிற சில்லறைக் கடையை, எங்கள் சந்திக்கு மாற்றக் கேட்டிருந்தார்கள். இரண்டாவது, வரைபடம். அதில் பாடசாலை இருந்தது, ஆனால் தூரம் பிரதான வீதியால் சுற்றிப் போட்டிருந்தது. முன்பள்ளி இல்லவே இல்லை.

அந்த வரைபடத்தை என் கடை மேசையில் விரித்து எத்தனை தரம் பார்த்திருப்பேன். எங்கள் பிள்ளைகள் பிரதான வீதியால் பள்ளிக்கூடம் போவதில்லை. வாய்க்கால் கட்டால்தான் போவார்கள். மதகடியில் இறங்கி, கட்டில் நடந்து, பாடசாலையின் பின் படலையால் ஏறுவார்கள். மழைக்குச் சேறு, ஆனாலும் அந்த வழிதான், ஏனென்றால் வீதியில் மணல் டிப்பர் ஓடுகிறது. அந்தக் கட்டு தொடங்குகிறதே களஞ்சியக் கட்டடத்தின் பக்கச் சுவரோடு.

ஒரு சனிக்கிழமை காலமை அளந்தோம். நில அளவை வேலைக்குப் போகிற ஒரு மருமகன் 30 மீற்றர் நாடா கொண்டுவந்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இரண்டு பேர், கோயில் பரிபாலன சபைத் தலைவர், நான், தலைவி. கிராம அலுவலரையும் கேட்டோம். அவர் தான் அளக்க வரமுடியாது, ஆனால் நீங்கள் அளப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று வந்து நின்றார். நாடாவின் நுனியைக் கட்டடக் கதவு நிலையில் நான் பிடித்தேன். பனி ஈரத்தில் நாடா வழுக்கியது, பிடித்த இடத்தில் விரல் வெட்டியது. முப்பதுக்கு ஒரு முளை, அறுபதுக்கு ஒரு முளை. பின் படலையின் தூணில் நாடா முட்டியபோது மருமகன் கத்திச் சொன்னான்: "மாமி, எண்பத்திநாலு!" 84 மீற்றர். வரைபடத்தில் போட்டிருந்ததில் கால்வாசியும் இல்லை. முன்பள்ளி நடக்கிற பொதுநோக்கு மண்டபத்துக்கு அதைவிடக் கிட்ட, 61. ஒவ்வொரு முளையிலும் நாடாவின் எண் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து, எல்லோரும் அளவுத் தாளில் கையெழுத்து வைத்தோம்.

இந்த அளவுத் தாள், 212 கையெழுத்து, கள்ளுச் சங்கத்தின் கடிதம், பாடசாலை, கோயில், கமக்காரர் அமைப்பின் கடிதங்கள், எல்லாவற்றிலும் ஐந்து பிரதி. பிரதேச செயலர், பொலிஸ் பொறுப்பதிகாரி, மதுவரி ஆணையாளர் நாயகம், அரசாங்க அதிபர், கடைசிப் பிரதி எங்களுக்கு. கையில் கொடுத்த இடங்களில் எங்கள் பிரதியில் முத்திரை குத்தித் திகதி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டோம். ஒரு இடத்தில், "நம்பிக்கை இல்லையோ அம்மா?" என்றார்கள். முத்திரை குத்தும்வரை நான் கதிரையால் எழும்பவில்லை.

2024 ஆடியில் பிரதேச செயலகத்தில் இரண்டு பகுதியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். விண்ணப்பகாரரும் வந்திருந்தார். மரியாதையான மனிதர், சத்தம் போடவில்லை. அவர் சொன்னவை மூன்று: அரசாங்கத்துக்கு வரி வரும், இரண்டு மூன்று பெடியளுக்கு வேலை வரும், ஊரில் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், குறையும். 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கும் தான் விற்கமாட்டேன், 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

கசிப்பு என்றதற்குத்தான் எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் ஊரில் கசிப்பு இருக்கிறது, காட்டுக்கரையில் காய்ச்சுகிறார்கள், அதைக் குடித்துச் செத்தவரும் உண்டு. அதை மறைத்துக் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. "சேர், கசிப்பு இருக்கு. நாங்களே பொலிசுக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறம். ஆனா கசிப்பு குடிக்கிறவன் காசில்லாமல் குடிக்கிறவன். போத்தல் கடை வந்தால் அவன் அங்க மாறமாட்டான், இப்ப குடியாமல் இருக்கிறவன்தான் அங்க போவான்" என்றேன். பிறகு கடன் கொப்பியை எடுத்தேன். பெயர்கள் இருக்கிற பக்கத்தை வெள்ளைத் தாளால் மறைத்து நூலால் தைத்திருந்தேன், ஒருவருடைய குடும்பத்தையும் வெளியில் காட்டக்கூடாது என்று. அரிசி, மா, சீனி, பனடோல், கொப்பி, பென்சில் என்று கடன் மட்டும் தெரிந்தது. பிரதேச செயலர் ஆறேழு பக்கம் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. வரைபடத்தையும் எங்கள் அளவுத் தாளையும் பக்கத்தில் வைத்து, "இந்த முன்பள்ளி பதிவு செய்ததோ?" என்று மட்டும் கேட்டார். பதிவுச் சான்றிதழின் பிரதியை நீட்டினோம்.

அதன் பிறகு நீண்ட மௌனம். கிறாதியில் துரு ஏறத் தொடங்கியது. 2024 டிசம்பரில், அந்த வருடம் வழங்கப்பட்ட 361 அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளிவந்தது. கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. ஊரில் எல்லோரும் போனில் அதைத்தான் பார்த்தார்கள், "உங்கட கடை இதில இல்லையே, பிறகென்ன?" என்றார்கள். எங்களுடையது இடமாற்றம், புதிதாகக் கொடுத்த பட்டியலில் எப்படி வரும்? அது தெரியாமல் பல பேர் விட்டுவிட்டார்கள், கூட்டத்துக்கு வருகிற பெண்கள் எட்டுப் பேராகக் குறைந்தோம். இந்த அனுமதிப்பத்திரங்கள் வருடாவருடம் புதுப்பிக்கிறவை, டிசம்பர் 31 உடன் முடிகிறவை. அதனால் வருட முடிவுக்கு முன் அதே ஆட்சேபனையைப் புதுத் திகதி போட்டு மறுபடி எல்லா இடத்துக்கும் அனுப்பினோம்.

2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சி என்றில்லை, அளவுத் தாளின் பிரதியைக் கொடுத்தோம். புதுச் சபை கூடிய பிறகு எங்கள் வட்டார உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்தார். அந்தக் கட்டடத்தை மதுபானக் கடையாகப் பாவிக்கச் சபை உடன்படவில்லை என்று ஒருமனதாக நிறைவேறியது. அந்தத் தீர்மானம் திணைக்களத்தைக் கட்டுப்படுத்தாது, எங்களுக்குத் தெரியும். ஆனால் கோவையில் ஒரு தாளாய் ஏறும். தவிசாளர் கையெழுத்தோடு வந்த பிரதியைப் பார்த்தபோது, முதல் தடவை ஆளில்லாத கதிரைக்கு எழுதிக்கொண்டுபோன 340 கையெழுத்தும் நினைவுக்கு வந்தது.

ஆவணியில் கடிதம் வந்தது. நாலே வரி. குறித்த இடத்துக்கு இடமாற்றம் சிபாரிசு செய்யப்படவில்லை. காரணமாகப் பாடசாலையும் முன்பள்ளியும் இருக்கும் தூரமும், பொதுமக்களின் ஆட்சேபனையும். தலைவி கடைக்கு ஓடிவந்து கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். அந்தக் கட்டடத்தில் இப்போது உரமும் மருந்தும் விற்கிறார்கள். கிறாதி அப்படியே இருக்கிறது. அந்தச் சதுர இடைவெளியால் பில் கொடுக்கிறார்கள்.

போன மாதம் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவர்களுடைய சந்தியிலும் ஒரு கட்டடத்துக்குக் கிறாதி அடிக்கிறார்களாம். அதே அனுமதிப்பத்திரம்தானோ என்று எங்களுக்குச் சந்தேகம். கையெழுத்து எத்தனை சேர்த்திருக்கிறோம் தெரியுமா என்று தொடங்கினார்கள். கையெழுத்து இருக்கட்டும், முதலில் வரைபடத்தைக் கேட்டு எழுதுங்கோ என்றேன். தகவல் விண்ணப்பத்தின் பிரதியையும், கோடு போட்ட வெறும் தாள் இருபதையும் கொடுத்தேன். தங்கள் ஊரில் முன்பள்ளி மரத்துக்குக் கீழேதான் நடக்கிறது, பதிவு இல்லை என்றார்கள். அப்படியென்றால் நாளைக்கே பதிவுக்குப் போங்கோ என்று சொல்லி, மருமகனின் நாடாவையும் கொடுத்து அனுப்பினேன்.