இரவு முள்ளெலிக்குரியது

அந்தி சாயும் வேளையில் வேலிக்கடியிலிருந்து ஒரு முள்ளெலி மெல்ல வெளியே வந்து, ஈரப் புல்லை முகர்ந்தபடி எங்கள் தோட்டத்தைக் கடந்தது. பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் ரோபோ, சிறு பச்சை விளக்கு மட்டும் எரிய, தன் இடத்தில் அசையாமல் நின்றது.

மனம் நிறைந்துவிட்டது.

ஆபத்து நெருங்கினால் முள்ளெலி ஓடாது. பந்தாகச் சுருண்டு அங்கேயே கிடக்கும். நரியிடமிருந்து காத்த அதே முள், சுழலும் கத்தியின் முன் பயனற்றுப் போகிறது.

போன கோடையில் முகம் கிழிந்த ஒன்றைத் துண்டில் ஏந்தியபோது உள்ளங்கையில் துடித்த அந்தச் சிறு மூச்சை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஜெர்மனியிலுள்ள எங்கள் கொலோன் நகரம் 2024இல் இந்த ரோபோக்கள் இரவில் ஓடுவதற்குத் தடை விதித்தது. அந்த எந்திரத்துக்குப் பகை ஏதுமில்லை, புல்லுக்கும் உயிருக்கும் வேறுபாடு தெரியாது, அவ்வளவுதான். ஆகவே அதை நிறுத்திவைக்கும் பொறுப்பு நம்முடையது.