குறி மாறிய சாய்வு
(−2, 5), (4, −7) என்னும் புள்ளிகளை இணைக்கும் நேர்க்கோட்டின் சாய்வு 2 என்று, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் நேற்றிரவு எழுதியிருந்தாள். சாய்வு என்பது ஒய் மதிப்புகளின் வேறுபாட்டை எக்ஸ் மதிப்புகளின் வேறுபாட்டால் வகுத்தால் கிடைப்பது; அவளோ ஒய் மதிப்புகளில் முதலாவதிலிருந்து இரண்டாவதையும், எக்ஸ் மதிப்புகளில் இரண்டாவதிலிருந்து முதலாவதையும் கழித்ததால் குறி மாறிவிட்டது. எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் சரியே, ஆனால் தொகுதியில் பின்பற்றிய வரிசையையே பகுதியிலும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லி, −12-ஐ 6 ஆல் வகுத்தாலும் 12-ஐ −6 ஆல் வகுத்தாலும் விடை −2 தான் என்று காட்டினேன். வலப்புறம் ஓர் அலகு நகர்ந்தால் கோடு 2 அலகுகள் இறங்குகிறது என்பதை வரைபடத்தாளில் விரல் வைத்துப் பார்ப்பது, சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட மிக முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். எக்ஸ் மதிப்புகள் இரண்டும் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்று பிறகு அவளே கேட்டாள். அப்போது கோடு செங்குத்தாக இருக்கும், பகுதி பூச்சியமாகிவிடும்; பூச்சியத்தால் வகுக்க இயலாததால், செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை.